ஓரத்துத் தண்ணீர்

பாகூர் ஏரிக்கரைச் சாலையில் தனிஸ்லாஸ் விழுந்தது 1982இல், ஆடி அமாவாசைக்கு ஒன்பது நாள் முன்பு. யாரும் இடிக்கவில்லை. சைக்கிளும் சறுக்கவில்லை. அவரே விழுந்தார். கரும்பில் பூச்சி விழுந்திருந்ததால் மருந்து தெளிக்க அந்த வருஷம் ஒரு சின்ன விமானத்தை வரவழைத்திருந்தார்கள். தென்னை உயரத்தில் அது சாலைக்குக் குறுக்கே வந்தபோது, வழியில் நின்றவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக் கை தட்டினார்கள். தனிஸ்லாஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்த சைக்கிளைக் கைவிட்டு, விமானம் வரும் திசைக்குத் தலையைக் கொடுத்துக் குப்புற விழுந்து, இரண்டு கைகளாலும் உச்சந்தலையைப் பொத்திக்கொண்டார். விழுந்த வேகத்தில் இடது காறை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரிக்கு அவரைத் தூக்கி வந்தபோது என்னுடைய முறை. புதுச்சேரியில் கன்னியர்களிடம் நர்ஸ் பயிற்சி முடித்து பாகூருக்கு வந்து எனக்கு அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. அடிபட்டவரிடம் முதலில் பெயர், ஊர், வயது கேட்க வேண்டும். நினைவு சரியாக இருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். தனிஸ்லாஸ், வில்லியனூருக்கு மேற்கே மாதா கோயில் இருக்கும் ஒரு சிற்றூர், வயது ஐம்பத்திரண்டு. எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “எல்லாரும் எழுந்துட்டாங்களா?” என்று கேட்டார். யார் எல்லாரும் என்று கேட்டேன்.

கம்பவுண்டர் அருள்சாமி பஞ்சு எடுத்து வந்தவர், “இன்னா சொல்தா, பிளேனுக்கு சாஷ்டாங்கமா வணக்கம் வெச்சீராமே” என்றார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். தனிஸ்லாஸ் சிரித்தார். சிரித்ததில் எலும்பு அசைந்து வலித்தது, அதையும் காட்டிக்கொள்ளவில்லை. தோள் இரண்டையும் பின்னுக்கு இழுத்து எட்டு வடிவில் கட்டுப் போட்டோம்.

இருபது வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர். புதுச்சேரி முறைப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962இல், எந்த நாட்டுக் குடிமகனாக இருக்கப் போகிறாய் என்று கேட்டபோது பிரான்சுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்களில் ஒருவர். மனைவி அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை. கடைசிப் பத்து வருஷம், கோடையில் தெற்கு மலைகளில் காடு பற்றிக்கொண்டால் அணைக்க அனுப்பும் பிரிவில் இருந்திருக்கிறார். 1978இல் ஊருக்கு வந்து, அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார்.

கட்டுப் போட்டு முடிக்கும்வரை, பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு அந்த விமானங்களைப் பற்றிச் சொன்னார். ரோடே போகாத மலையில் தீப்பிடித்தால் வண்டி ஏறாது. அதனால் விமானம் நேரே கடலுக்குப் போய், நிற்காமலே வயிற்றை நீரில் உரசிக்கொண்டு ஓடும். பத்துப் பன்னிரண்டு எண்ணுவதற்குள் ஐயாயிரம் லிட்டர் ஏறிவிடும். தீயின் மேல் வந்து வயிற்றைத் திறந்தால் அவ்வளவும் ஒரே மூச்சில் கீழே விழும். நம் பாகூர் ஏரியில் எடுக்குமா என்று ஒருவர் கேட்டார். எடுக்கும், ஏரியில் தண்ணீர் இருந்தால் என்றார் தனிஸ்லாஸ். எங்கள் தெருவில் கூரை பற்றிக்கொண்டால் அதைக் கூப்பிடலாமே என்றாள் பிரசவத்துக்கு வந்திருந்த ஒருத்தி.

“கூப்புடாதம்மா. தீயும் இருக்காது, வூடும் இருக்காது” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் அதற்குள் விழுப்புரம் பக்கம் போய்விட்டிருந்தது.

அன்று அவர் பாகூர் வந்தது கலியம்மாளைப் பார்க்க. கலியம்மாள் எழுபதை நெருங்கியவர். கணவர் சுப்பராயலு இறந்த பிறகும் கரும்பு, நெல் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டவர். வெட்டு ஆட்கள் அவர் குரல் கேட்டாலே பீடியை அணைத்துவிடுவார்கள். ஒரே மகன் பலராமன். அவனும் பிரெஞ்சு ராணுவத்துக்குப் போனவன், தனிஸ்லாஸ் இருந்த பிரிவிலேயே இருந்தவன். 1973 ஆகஸ்டில் காட்டுத்தீ அணைக்கப் போன இடத்தில் இறந்துவிட்டான். அங்கேயே புதைத்துவிட்டார்கள். தனிஸ்லாஸ் ஊர் திரும்பியதிலிருந்து மாதம் ஒருமுறை சைக்கிளில் பாகூர் வந்து அந்த அம்மாளைப் பார்த்துவிட்டுப் போவார்.

செய்தி கேட்டதும் கலியம்மாள் மருமகன் செல்லப்பனை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். தனிக்கட்டை, வீட்டுக்குப் போனால் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை, எலும்பு கூடும்வரை என் வீட்டில் இருக்கட்டும் என்றார். கேட்கவில்லை, சொன்னார். டாக்டரும் தலையாட்டினார். இரண்டு நாளைக்கு ஒருமுறை கட்டைப் பார்த்து இறுக்க வேண்டிய வேலை எனக்கு வந்தது.

அந்த வீட்டில் எனக்கு இரண்டு விஷயங்கள் சரியாகப் படவில்லை.

ஒன்று, தனிஸ்லாஸ் தலைக்குத் தண்ணீர் ஊற்றவிட மாட்டார். ஒரு கையால் குளிக்க முடியாது என்று நான் செம்பை எடுத்தால் முகம் வெளுத்துவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்பார். ஆடி வெயிலில் தலை நாறியது. கட்டுப் போட்டிருப்பதால் பயப்படுகிறார் என்று நினைத்தேன். கட்டு இல்லாத நாளிலும் அவர் தலைக்கு ஊற்றிக்கொண்டதில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்று, கலியம்மாள் மத்தியானம் சாப்பிடுவதில்லை. அந்த அம்மாளுக்கு ரத்த அழுத்தம் அதிகம். டாக்டர் கொடுத்த மாத்திரையை மத்தியானச் சோற்றுக்குப் பிறகு விழுங்க வேண்டும். சாப்பிட உட்காராமல், பன்னிரண்டு மணிக்குப் பின்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து, வயலோரத்து மோட்டார் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருப்பார். பம்புத் தண்ணீர் சிமெண்டுத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருக்கும். அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள். நான் அதட்டியபோது மகள் மணியம்மாள் என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், சத்தம் போடாதீங்க நர்சம்மா, அம்மா அண்ணனைப் பார்த்துக்கினு இருக்குது என்றாள்.

விஷயம் இதுதான். 1973 ஆடிக் கடைசியில் முதலில் இறந்தவர் சுப்பராயலு. செல்லப்பன் பாகூர் தபாலாபீசுக்கு ஓடி, பிரான்சில் இருந்த பலராமனுக்குத் தந்தி கொடுத்தான். எங்கள் பக்கத்து வழக்கப்படி, எத்தனை கடல் தாண்டியிருந்தாலும், பெற்றவன் செத்த சேதி காதில் விழுந்ததும் மகன் உடுத்திய துணியோடு தலை முழுக வேண்டும். முழுகும்வரை பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது. தந்திக்குப் பதில் வரவில்லை. பதினாறாம் நாள் கருமாதியன்று, பந்தலில் ஆட்கள் உட்கார்ந்திருந்தபோதே, பலராமன் இறந்த செய்தியோடு புதுச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி வந்து இறங்கினார். தேதியைப் பார்த்தால் அப்பன் செத்த ஐந்தாம் நாளே மகனும் போய்விட்டிருந்தான்.

அன்றிலிருந்து கலியம்மாளுக்கு ஒரே கேள்வி. தந்தி அவன் கைக்குக் கிடைத்ததா? தனிஸ்லாஸ் முதல்முறை பாகூர் வந்தபோது அவரிடம் அதைத்தான் கேட்டார். கிடைக்கவில்லை என்றார் அவர். கடைசியில் தண்ணீர் கேட்டானா என்றார் அந்த அம்மாள். கேட்கவில்லை, புகையில் உடனே போய்விட்டான் என்றார். அதற்குப் பிறகு மாதாமாதம் அதே இரண்டு கேள்வி, அதே இரண்டு பதில். அந்தப் பதிலைக் கேட்ட நாளிலிருந்து உச்சி வேளையில் பலராமன் பம்பு செட்டில் வந்து நிற்கத் தொடங்கினான்.

கலியம்மாளே இதை என்னிடம் ஒரு நாள் சொன்னார். வெட்டுக்கூலி பேசுகிற அதே குரல்தான்.

“தலை பறட்டையா காஞ்சி கெடக்குது நர்சம்மா. மேலெல்லாம் சாம்பல். பம்புக்கு அடியில தான் நிக்கிறான். தண்ணி அவன் மேல பட மாட்டேங்குது, ரெண்டு பக்கமும் பிரிஞ்சி வுழுது. அப்பனுக்கு முழுவாதவன எந்தத் தண்ணி நனைக்கும்?”

பசியில் கண் இருட்டினால் எதுவும் தெரியும் என்று எனக்குத் தெரியும். சோறு தின்று மாத்திரை போட்டால் போய்விடும் என்றேன். அவன் நனையாமல் நிற்கும்போது எனக்குச் சோறு எப்படி இறங்கும் என்றார். அமாவாசைக்கு ஊரெல்லாம் இறந்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவார்கள். ஒன்பது வருஷமாகக் கணவருக்கு விடச் சொன்ன அந்த அம்மாள், மகனுக்கு விடச் சொன்னதில்லை. வாங்கிக்கொள்ள அவனால் முடியாது என்பது அவர் கணக்கு.

நான் பேய் பிசாசு பார்க்கிறவள் அல்ல. ஆனால் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. காலில் வீக்கம் வந்துவிட்டது. இப்படியே பட்டினி கிடந்தால் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடும் என்று டாக்டர் சொன்னார்.

ஐந்தாம் நாள் கட்டை இறுக்கும்போது, பேச்சுக்குத்தான் தனிஸ்லாஸிடம் சொன்னேன்: உங்கள் சிநேகிதன் காய்ந்த தலையோடு வந்து அம்மாளைப் பட்டினி போடுகிறான், பார்த்தீர்களா என்று. இத்தனை வருஷம் வந்து போனாலும் அது அவருக்குத் தெரியாது. வீட்டார் வெளியே சொன்னதில்லை. அவர் எப்போதும் காலையில் வந்து பதினொன்றுக்குள் கிளம்பிவிடுவார். இந்த ஐந்து நாளும் அவரை முன்கட்டு அறையில்தான் படுக்க வைத்திருந்தோம்.

“காஞ்ச தலையா?” என்றார். “எங்கிட்ட வரும்போது சொட்டச் சொட்ட வர்றானே.”

மாதா கோயில் படியில், வீட்டு வாசலில், சந்தையில்கூட வருவானாம். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கும். காலடியில் குளம் போலத் தேங்கும். கையில் இரும்புத் தொப்பி. ஒன்றும் பேச மாட்டான். அவன் போன பிறகு தனிஸ்லாஸுக்கு வாயில் உப்புக் கரிக்குமாம்.

ஏன் நனைந்து வருகிறான் என்று கேட்டேன். கட்டுத் துணியின் நுனி என் கையில் இருந்தது. அவர் சொல்லி முடிக்கும்வரை முடிச்சுப் போடவில்லை.

அந்த மலையில் மூன்று நாளாகத் தீ எரிந்துகொண்டிருந்தது. ஊரும் இல்லை, ரோடும் இல்லை. குடிக்கும் தண்ணீரைக் கேன்களில் முதுகில் சுமந்து ஏற்றினார்கள். அதில் முகம் கழுவக்கூட அனுமதி இல்லை. விமானங்கள் கடலுக்கும் மலைக்குமாகப் போய்வந்தன. அவை வரும் முன் கீழே அபாயச் சங்கு ஊதுவார்கள். ஊதியதும் ஆட்கள் தூர விலக வேண்டும். விலக முடியாதவன், விமானம் வரும் திசைக்குத் தலை வைத்துக் குப்புறப் படுத்து, இரும்புத் தொப்பியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் விழும் தண்ணீர் மரத்தை முறிக்கும். ஓரத்தில் விழுவதோ வெறும் தூறல். மூன்று நாளும் அந்த ஓரத்தில் நின்று எல்லாரும் நனைந்திருக்கிறார்கள். உடம்பு எரியும் வெயிலில் அதுதான் அவர்களுக்கு ஒரே சுகம்.

மூன்றாம் நாள் காலை தனிஸ்லாஸ் ரொட்டி எடுத்துவரக் கீழே போனார். தபாலையும் அவரிடம் கொடுத்தனுப்பினார்கள். பலராமன் பெயருக்கு வந்த தந்தியை வழியிலேயே படித்துவிட்டார். மேலே போய்க் கையில் கொடுத்தார். பலராமன் படித்துவிட்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான். அழவில்லை. தலைக்கு ஊற்ற ஒரு கேன் தண்ணீர் வேண்டும் என்றான். மேலதிகாரியிடம் கேட்டதற்குக் குடிக்க மட்டும்தான் என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு பலராமன் குடிக்கவும் மறுத்துவிட்டான். தலை முழுகாமல் வாயில் தண்ணீர் வைக்க மாட்டேன் என்றான். தனிஸ்லாஸ் கெஞ்சினார், வைதார். நீ கிறிஸ்தவன், உனக்கு இது தெரியாது என்று சொல்லிவிட்டுத் தீக்கு எதிரே மண் வெட்டப் போய்விட்டான். உச்சி வேளைக்குள் உதடு வெடித்து, நடை தள்ளாடத் தொடங்கிவிட்டது. அந்தச் சூட்டில் இன்னும் ஒரு மணி நேரம் தண்ணீர் இல்லாவிட்டால் ஆள் விழுந்துவிடுவான் என்று தனிஸ்லாஸுக்குத் தெரிந்தது. அப்போது சங்கு ஊதியது.

“நான்தான் சொன்னேன் சிஸ்டர். ‘டேய், பிளேன் வருது. கடல் தண்ணி. ராமேஸ்வரத்துல முழுவுன மாதிரின்னு வெச்சிக்க. அந்த ஓரமா போயி நில்லு’ன்னேன். அவன் சிரிச்சான். காலையில இருந்து அப்பத்தான் சிரிச்சான்.”

பலராமன் ஓரத்துக்குப் போய் நின்றான். தொப்பி போட்டுக்கொண்டு யாரும் தலை முழுகுவதில்லை. அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டான். காற்று திரும்பியிருந்தது. விமானம் சாய்ந்து வந்து வயிற்றைத் திறந்தபோது அந்த ஓரம் நடுவாகிவிட்டது. தண்ணீரோடு ஒரு மரத்தின் தலையும் முறிந்து வந்து விழுந்தது.

விசாரணையில், சங்கு ஊதியும் படுக்காமல் நின்றான், புகையில் நிதானம் தப்பியிருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். எதற்காக நின்றான் என்று யாரும் கேட்கவில்லை. தனிஸ்லாஸும் சொல்லவில்லை. பிணத்தின் சட்டைப்பையிலிருந்து தந்தியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். ஊருக்கு வந்து, தந்தி கிடைத்தது என்று சொன்னால் அடுத்து என்ன நடந்தது என்று கேட்பார்கள். அங்கே போய் நில் என்று சொன்னது யார் என்று கேட்பார்கள். அதனால் தந்தியே வரவில்லை என்று சொல்லிவிட்டார். தந்தி அவருடைய ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. ஒவ்வொரு மாதமும் சொல்லிவிடலாம் என்று அதை எடுத்துக்கொண்டு சைக்கிளில் வருவார். சொல்லாமல் திரும்பிப் போவார்.

நான் முடிச்சைப் போட்டேன். பிறகு எனக்குப் பட்டதைச் சொன்னேன். அந்த அம்மாள் பார்க்கும் பலராமனைக் காயவைத்தது நீங்கள் சொன்ன பொய். அவன் நனைந்தான் என்று தெரிந்தால் அம்மாள் சாப்பிடுவார். சாப்பிட்டால் பிழைப்பார். சொன்னால் என்னை இந்த வீட்டில் சேர்க்க மாட்டார்களே என்றார் தனிஸ்லாஸ். எனக்கென்று இருப்பது இந்த ஒரு வீடு தான் சிஸ்டர் என்றார். அது உண்மைதான். சேர்க்காமலும் போகலாம், அதற்கு என்னிடம் மருந்து இல்லை என்றேன். நாளன்றைக்கு மறுபடி வருவேன், அதற்குள் நீங்கள் சொல்லவில்லை என்றால் நான் சொல்லிவிடுவேன் என்றும் சொன்னேன். இப்போது நினைத்தால் அது கொஞ்சம் முரட்டுத்தனம்தான். அன்றைக்கு என் கவலை வீங்கிய கால் பற்றி.

நான் மறுபடி போனபோது மணி பன்னிரண்டு. கலியம்மாள் பின்கட்டுப் படியில் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். தனிஸ்லாஸ் எனக்காகக் காத்திருந்தவர் போல எழுந்து வந்து, அந்த அம்மாளுக்கு இரண்டு படி கீழே, மண்ணில் உட்கார்ந்தார். ஒரு கையால் ஜெபப் புத்தகத்தைப் பிரித்துத் தந்தியை எடுத்து நீட்டினார். பழுப்பேறி, விறைத்துப்போன தாள். கலியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. செல்லப்பன் வாங்கிப் பார்த்தவன், இது நான் கொடுத்த தந்தி என்றான்.

தனிஸ்லாஸ் எல்லாவற்றையும் சொன்னார். எதையும் விடவில்லை. கலியம்மாள் பம்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மூன்றே கேள்வி கேட்டார்.

“தொப்பிய கழட்டச் சொன்னதும் நீதானா?”

“இல்லம்மா. அது அவனா கழட்டினான்.”

“நிக்கச் சொன்னது?”

“நான்.”

“நனைஞ்சானா?”

“உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் நனைஞ்சாம்மா.”

கலியம்மாள் செல்லப்பன் கையிலிருந்து தந்தியை வாங்கி, ஒரு மூலையை நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்பது வருஷம் ஆகியும் தாளில் உப்பு இருந்திருக்க வேண்டும். அப்படியே மடித்து மடியில் செருகிக்கொண்டு எழுந்து, சமையலறைக்குப் போய் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, எங்கள் எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டார். அவசரமில்லாமல், கடைசிப் பருக்கை வரை. கை கழுவிவிட்டு மாத்திரைக்குக் கை நீட்டினார். நான் கொடுத்தேன். விழுங்கிய பிறகுதான் தனிஸ்லாஸைப் பார்த்தார். எப்போதும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

“எலும்பு கூடுற வரைக்கும் இரு. அப்புறம் போயிடு. இனிமே இந்த வூட்டுக்கு வராத.”

அமாவாசையன்று செல்லப்பன் ஏரிக்கரையில் மாமனாருக்கும் மைத்துனனுக்குமாக எள்ளும் தண்ணீரும் விட்டான். கலியம்மாள் பின்கட்டுப் படியில் உட்காருவதை நிறுத்திவிட்டார். அவன் வருகிறானா என்று மணியம்மாள் ஒருமுறை கேட்டதற்கு, குளித்துவிட்டுப் போனவன் எதற்கு வரப் போகிறான் என்றாராம். கால் வீக்கம் வடிந்தது.

தனிஸ்லாஸ் மேலும் மூன்று வாரம் அங்கே இருந்தார். வேளாவேளைக்குக் கலியம்மாளே சோறு கொண்டுவந்து வைப்பார். குழம்பு சூடாக இருக்கும், கேட்காமலே மோர் வரும். ஒரு வார்த்தை மட்டும் வராது. அந்த வீட்டில் கட்டுப் பார்க்கப் போவது எனக்கே கஷ்டமாக இருந்தது. எலும்பு கூடியதும், நான் கட்டை அவிழ்த்த அன்றைக்கே அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஏறி ஓட்டவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன். கலியம்மாள் உள்ளே கரும்பு ஆட்களுக்கு ஏதோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் எனக்கு வில்லியனூருக்கு மாற்றல் வந்தது. ஆறு மாதம் கழித்து தனிஸ்லாஸ் இருமிக்கொண்டு வந்தார். வருஷக்கணக்காகக் காட்டுத்தீப் புகை குடித்த நுரையீரல். செய்வதற்கு அதிகம் இல்லை. வேலை முடிந்த பிறகு சில நாள் அவர் வீட்டுக்குப் போய்த் துடைத்துவிட்டு, படுக்கை மாற்றிப்போட்டுவிட்டு வருவேன். பக்கத்து வீட்டு அந்தோணி மேரி கஞ்சி கொடுத்துவிடுவாள்.

ஒரு நாள், அம்மா இன்னும் அவனைப் பார்க்கிறாரா என்று கேட்டார். இல்லை, அன்றோடு நின்றுவிட்டது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

“முன்ன வாசல்லதான் நிப்பான். இப்ப உள்ள வந்து கட்டில் ஓரமா நிக்கிறான். அங்க போற வேல இல்ல பாரு, எப்பவும் இங்கியே இருக்கான்.”

பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். பயமில்லை, ஈரம்தான் தாங்கவில்லை என்றார். அவருக்குக் காய்ச்சல் நூற்று மூன்று இருந்தது.

1984 மாசி மாதம், ஒரு புதன்கிழமை காலை, நான் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது போய்விட்டார். கோயில் சாமியார் முந்தின நாளே வந்து கடைசி எண்ணெய் பூசியிருந்தார். கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கையில் ஜெபமாலை வைத்தேன். கட்டிலடியில் தரை நனைந்திருந்தது. துடைக்கக் கொண்டுவந்த வாளியிலிருந்து சிந்தியிருக்கும். துணியால் ஒற்றிப் பிழிந்தேன்.

அடக்கம் சாயங்காலம் என்றார்கள். நான் பாகூர் பஸ் ஏறினேன். அந்த வீட்டுக்குச் சொல்லச் சொல்லி அவர் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் யாராவது சொல்ல வேண்டும்.

கலியம்மாள் குளிர்ச்சுரத்தில் ஒரு வாரம் படுத்து அப்போதுதான் எழுந்து, கம்பளி போர்த்துக்கொண்டு முன்கட்டில் உட்கார்ந்திருந்தார். சொன்னேன். எப்போது என்றார். காலை எட்டு மணிக்கு என்றேன். தனியாகவா என்றார். நான் இருந்தேன் என்றேன். கம்பளியை எடுத்து மடித்து வைத்துவிட்டு எழுந்தார். பின்கட்டு வழியாக இறங்கி வரப்பில் நடக்கத் தொடங்கியபோதுதான் எங்கே போகிறார் என்று எனக்குப் புரிந்தது. சுரம் விட்ட உடம்பு, பச்சைத் தண்ணீர் ஆகாது, வேண்டுமானால் வெந்நீர் வைத்துத் தருகிறேன் என்று பின்னாலேயே ஓடினேன். செல்லப்பனும் வந்தான்.

“அவரு நம்ம பங்காளியா, ஒறமொறையா? கோயிலு வேற, கொலம் வேற. நீ எதுக்குத் தல முழுவணும்?” என்றான்.

“மோட்டார போடு” என்றார் கலியம்மாள்.

அவன் நின்றான். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். செல்லப்பன் போய்ப் போட்டான். பம்பு இரண்டு முறை செருமிவிட்டுத் தண்ணீரைத் தள்ளியது. கலியம்மாள் உடுத்திய புடவையோடு தொட்டியில் இறங்கி அதற்கு அடியில் நின்றார். கொண்டை அவிழ்ந்து நரைமயிர் முகத்தில் ஒட்டியது. உதடு நீலமாகியது. நான் துண்டோடு தொட்டி விளிம்பில் நின்று, போதும், வாங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

போதும் என்று அவருக்கே தோன்றியபோது, தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு எட்டு விலகி நின்றார். வெளியே வரவில்லை. பக்கத்தில் இருப்பவர்களுக்கு இடம் விடுவது போல விலகி, தண்ணீர் விழும் இடத்தையே பார்த்துக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்றார். அங்கே ஒருவரும் இல்லை. தண்ணீர் வெறும் சிமெண்டின் மேல் விழுந்து தெறித்தது.

பிறகு கை நீட்டினார். பிடித்து ஏற்றி, தலையைத் துவட்டிவிட்டேன். செல்லப்பன் மோட்டாரை நிறுத்தப் போனான்.

“இரு. அவங்க ரெண்டு பேருக்கும் இன்னும் ஆவல” என்றார் கலியம்மாள்.

நாங்கள் மூன்று பேரும் வரப்பில் நின்றோம். தொட்டி நிறைந்து வாய்க்காலில் வழியத் தொடங்கியது.